எந்திரம் வாங்கியாச்சு, ஆர்டர் யார் தருவார்?

சிறு நிறுவனம் தனியாக உட்கார்ந்து புதுமை செய்வதில்லை. பெரிய ஆலை வரைபடம் தரும். லேத் பட்டறை மாதிரி செய்து கொடுக்கும். அளவு பிசகினால் திரும்பி வரும். மூன்றாவது மாதிரிக்குள் இரு தரப்பும் புதிதாக ஒன்றைக் கற்றிருக்கும். அந்த முதல் வரைபடம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியில் சாதி உறவு வகித்த பங்கை ஆய்வாளர் சரத் சாரி 2004இலேயே நூலாக எழுதினார். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்குத் திறமை இருந்தும் என்ன பயன்?

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியம் தருகிறது. வரவேற்போம். அவனியாபுரத்துத் தலித் இளைஞர் அதில் எந்திரம் வாங்கலாம். ஆனால் கப்பலூர் தொழிற்பேட்டை ஆலை எதுவும் அவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் ஆணை, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு வாங்கச் சொல்கிறது. அது ஒன்றிய அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மட்டுமே.

மாணவத் தோழர்களே, அந்த 4 விழுக்காட்டில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அரசுச் சலுகை பெறும் தனியார் ஆலைகளுக்கும் இதே விதி வேண்டும் என்று சேர்ந்தே குரல் கொடுப்போம்.