ஈர நெல்லும் சுதந்திரச் சந்தையும்

"விவசாயிக்குச் சந்தை நிலவரம் தெரிவதில்லை, அதனால்தான் ஏமாறுகிறார்" என்று பாடம் எடுப்பவர்கள், அறுவடை சமயத்தில் ஒரத்தநாட்டுப் பக்கமோ அம்மாப்பேட்டைப் பக்கமோ ஒரு தடவை பஸ்ஸில் போய் வரலாம். நெல் விலை என்ன என்று டீக்கடையில் கேட்டாலே பதில் வரும். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. இதில் மத்திய அரசின் ஆதரவு விலை 2,389, 2,369; மிச்சம் மாநில அரசின் ஊக்கத்தொகை. எல்லாம் அத்துப்படி. தெரிந்த விலை கைக்கு வருவதில்லை, அதுதான் பிரச்சினை.

கேரள மீனவர்களுக்கு செல்போன் வந்த கதையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வு அது. எந்தக் கரையில் மத்திக்கு நல்ல விலை என்று போனில் கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது நின்றது, லாபம் கூடியது. நல்ல ஆய்வுதான், மறுப்பில்லை. ஆனால் படகு மிதக்கும். ரோட்டோரம் கொட்டி வைத்த நெல் மிதந்தால் கதை முடிந்தது!

டெல்டாவில் நடப்பது இதுதான். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, கட்டு கட்டி, களத்தில் போட்டு அடிப்பதற்குள் நெல் ஓரளவு காய்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் காலையில் இறங்கினால் சாயங்காலம் ஊர் நெல் மொத்தமும் ஈரத்தோடு ரோட்டுக்கு வந்துவிடுகிறது. வாங்க வேண்டியது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் அதை 19 ஆகத் தளர்த்தினார்கள். 2025 அக்டோபரில் நிலைய வாசலில் கிடந்த நெல் நனைந்து முளைவிட்டபோது மாநில அரசு 22 கேட்டது. மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. நவம்பரில் முடியாது என்று பதில் வந்தது. அதற்குள் நெல் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடைவெளியில்தான் தனியார் வியாபாரி வருகிறார். சிட்டா கேட்பதில்லை, அடங்கல் கேட்பதில்லை. வாய்மொழிக் குத்தகைக்குக் கோயில் நிலமோ மிராசுதார் நிலமோ சாகுபடி செய்பவர்களுக்கு இதுவே பெரிய விஷயம். (குத்தகைப் பதிவுக்கு 1969லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்?) அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். எவ்வளவு குறைத்தால் நியாயம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல், 17க்குக் காய்ந்தால் சுமார் 94 கிலோ. 2,545 ரூபாயில் அந்தத் தண்ணீரைக் கழித்தால் சுமார் 2,392. ஆக, காயவைக்கும் செலவு தனி, ஈரத்துக்காகக் குறைக்க வேண்டியது 150 ரூபாய் சொச்சம். அதற்கு மேல் குறைப்பதில் பெரும்பகுதி மழை பயத்துக்கான விலை. இயந்திர வாடகை பாக்கி, உரக்கடைக் கடன், நகைக்கடன் வட்டி, அடுத்த தாளடிச் செலவு எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது அந்த விலையையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. வியாபாரியைத் திட்டி என்ன பயன்? அவர் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

"எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்" என்று 2020ல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2021ல் வாபஸ் வாங்கினார்கள். தஞ்சாவூர்க்காரருக்கு அது புதுச் செய்தியே இல்லை, வியாபாரி எப்போதும் வயலுக்கே வந்துகொண்டுதான் இருக்கிறார். பீகார் 2006லேயே மண்டிச் சட்டத்தை ரத்து செய்தது. அங்கே நெல் ஆதரவு விலைக்குக் கீழே போவது இன்னும் நிற்கவில்லை. காத்திருக்க வழியில்லாதவருக்கு நூறு சந்தை திறந்துவிட்டாலும் முதலில் வருபவர் சொல்வதுதான் விலை.

அதற்காக அரசு நிலையம் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. 40 கிலோ சிப்பத்துக்கு 40 ரூபாய் வரை பிடுங்குகிறார்கள் என்பது பல வருடப் புகார். சிப்பத்தின் விலையே ஆயிரம் ரூபாய்தான், நூற்றுக்கு நாலு! சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை என்று வேறு கொள்முதலை நிறுத்துவார்கள். வருடா வருடம் ஊக்கத்தொகையை ஏற்றி அறிவிப்பது சுலபம், பேப்பரிலும் நன்றாக வரும். உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும் ஒவ்வொரு நிலையத்திலும் வைப்பதற்குத்தான் கை வருவதில்லை.

குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். ஆன்லைனில் பதிவு செய்து தேதி வாங்கும் முறை வந்துவிட்டது. கொடுத்த தேதியில் எடை போடாவிட்டால், அதற்குப் பிறகு பெய்யும் மழைக்கான நஷ்டத்தை நிலையம் ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். லாரி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அப்புறம் பார்க்கலாம்.