பிள்ளைகளுக்கும் அழ உரிமை உண்டு



சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு பெரியவர் காலமானார். அவர் பெரிய பதவி எதனையும் வகித்தவர் அல்லர். தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பின்னர் லோரி ஓட்டி, ஓய்வுபெற்றபின் தூண்டிலும் கையுமாக வாழ்ந்தவர். எங்கள் ஊர் மீன்பிடிக் கழகத்தின் மூத்த உறுப்பினர். தமிழர், மலாய்க்காரர், சீனர் என ஏறக்குறைய இருபது பேர் கொண்ட அந்தக் கழகத்தில் அவர்மீது அன்பு கொள்ளாதவர் எவரும் இல்லை. என் மாணவர்களுக்கு அவர் ‘தூண்டில் தாத்தா’.

அவருடைய மறைவு வருத்தத்திற்குரியதே. ஆனால், அந்த மறைவை ஒரு மாணவனிடமிருந்து நாங்கள் மறைத்த விதம் இன்றுவரை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதன்பொருட்டே இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிந்தா பள்ளத்தாக்கில் உள்ளது. ஒரு காலத்தில் ஈயத்திற்கு உலகப் புகழ்பெற்ற நிலம் இது. 1985ஆம் ஆண்டில் ஈய விலை வீழ்ந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிக் குட்டைகளாயின. இன்று அக்குட்டைகளில் தோமான், ஹாருவான், லம்பாம், திலாப்பியா முதலிய மீன்கள் வாழ்கின்றன. ஹாருவான் என்பது நம் விரால்தான். தோமான் அதே இனத்தைச் சேர்ந்த பெரிய மீன்.

பள்ளி விடுமுறைகளில் கழகத்தார் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. தாத்தாதான் ஆசிரியர். அவருடைய முதற்பாடம் மீனைப் பற்றியது அன்று, கரையைப் பற்றியது. லம்பக் குட்டையின் மணற்கரை காலடியில் சரியும். இரண்டடிக்கு அப்பால் திடீரென ஆழம் இருக்கும். எனவே அவர் கிழித்த கோட்டைத் தாண்டி எந்தப் பிள்ளையும் நிற்கக்கூடாது. அதன்பின் முடிச்சுப் பாடம். நரம்பை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இழுத்து இறுக்கினால் உராய்வில் சூடேறி வலிமை குன்றும். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை மீனுடலின் வழுவழுப்பைத் துடைத்துவிடும், அதனால் நீரில் விடப்பட்ட மீனுக்கு நோய் பற்றும். அறுந்த நரம்பைக் கரையில் எறியக்கூடாது. பறவைகளின் காலில் சிக்கும். அதற்கென்றே ஒரு மைலோ டப்பாவைத் தம்முடன் வைத்திருப்பார்.

இன்னொரு பாடமும் உண்டு. தோமான் மீனின் குஞ்சுகள் செந்நிறத்தில் கூட்டமாக நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்த வேளையில் தூண்டிலை வீசினால் பெரிய மீன் குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து வந்து கவ்வும். எளிதிற் கிடைக்கும் வேட்டைதான். ஆயினும் தாத்தா வீசமாட்டார். பெற்றோரை இழந்த குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும் என்பார். பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லிக் கற்பித்தவர் அவர்.

இனி, நாங்கள் செய்த பிழைக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தை வெளியூரில் வேலை செய்பவர். சனிக்கிழமைதோறும் தாத்தாதான் அவனைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குட்டைக்குச் செல்வார். ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், ஒரு நள்ளிரவில், மாரடைப்பால் தாத்தா இறந்தார். மறுநாள் காலை அம்மாணவனின் தாயார் என்னை அழைத்தார். “சார், தேர்வு முடியும்வரை அவனிடம் சொல்ல வேண்டாம். தாத்தா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்,” என்றார். நானும் உடன்பட்டேன். நன்மை செய்வதாகவே எண்ணினேன்.

இரண்டு சனிக்கிழமைகள் அவன் தூண்டிலோடு வீட்டு வாசலில் காத்திருந்தான். பிறகு, கடையில் கிடந்த ஒரு தமிழ் நாளிதழில் தாத்தாவின் படத்தையும், அதன்கீழ்ப் பதினாறாம் நாள் கருமக்கிரியை அறிவிப்பையும் கண்டான். மறுநாள் என்னிடம் வந்தான்.

“சார், உங்களுக்கு முன்பே தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“சொல்லாமலே போய்விட்டார், என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரை மனத்துக்குள் திட்டினேன், சார்.”

அதற்கு நான் சொல்லத்தக்க மறுமொழி எதுவும் என்னிடம் இல்லை. துயரத்திலிருந்து அவனைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, துயரத்தோடு குற்றவுணர்வையும் அவன் தலையில் ஏற்றிவிட்டோம். தன் அன்புக்குரியவரின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் வாய்ப்பையும் பறித்துவிட்டோம். தேர்வு மீண்டும் வரும். அந்த நாள் மீண்டும் வராது.

பிள்ளைகளுக்கு இறப்பு புரியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இறந்தவர் திரும்பி வருவதில்லை, இறந்த உடல் எதனையும் உணராது, இறப்பு எல்லார்க்கும் உண்டு என்னும் மூன்றையும் ஐந்து முதல் ஏழு வயதிற்குள்ளாகவே பெரும்பாலான பிள்ளைகள் உணரத் தொடங்குகின்றனர் என்பது குழந்தை உளவியலார் கண்ட முடிவு. ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்னும் சொற்களே அவர்களைக் குழப்புகின்றன. அவற்றைக் கேட்ட சிறுபிள்ளைகள் தாமும் தூங்க அஞ்சுவதுண்டு.

நம் இலக்கியம் இதனை மறைத்ததில்லை. திருக்குறளில் ‘நிலையாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. புறநானூற்றில், இறந்தவரை எண்ணிக் கலங்கும் பாடல்களுக்குக் ‘கையறுநிலை’ என்று ஒரு துறையே வகுத்துள்ளனர். அத்துறையில் அமைந்த 112ஆம் பாடல் யாருடையது? தந்தையை இழந்த பாரி மகளிருடையது! தந்தைக்காகப் பெண்மக்கள் அழுத குரலை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றிக் காத்துவரும் இனம், தன் வீட்டுப் பிள்ளையிடம் ‘அழாதே, போய்ப் படி’ என்று சொல்லலாமா?

மீன்பிடிப்போரின் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் (1593–1683) என்பார் 1653இல் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ என்னும் நூலை வெளியிட்டார். தூண்டிற்கலையைப் பற்றிய அந்நூல், தேர்ந்த தூண்டிற்காரர் ஒருவர் தம் மாணவருக்குக் கற்பிக்கும் உரையாடலாக அமைந்தது. வால்டனின் உடல் வின்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் மறைந்து 230 ஆண்டுகளுக்கும் மேலான பின், 1914இல், இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளின் தூண்டிற்காரர்கள் அங்கே அவருக்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தனர். அச்சாளரத்தில் அவர் ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கிறார். அவர் விரும்பி வாழ்ந்த இடத்திலேயே அவரை அமர்த்தி நினைவுகூர்ந்தனர். கற்பித்தவரை நினைவுகூர இதனினும் பொருத்தமான வழி வேறென்ன?

ஆகவே, ஆசிரியர்கள், பெற்றோர்களின் சிந்தனைக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

1. பிள்ளையின் அன்புக்குரியவர் இறந்தால், அதனை அன்றே, ‘இறந்துவிட்டார்’ என்னும் தெளிவான சொல்லாலேயே, அவன் நம்பும் ஒருவர் சொல்ல வேண்டும்.

2. துக்க வீட்டுக்கு வர விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே விளக்கி, அருகிலேயே இருங்கள். வர விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம்.

3. வகுப்பில் ஒரு மாணவன் துயரத்தில் இருப்பது தெரிந்தால், ஆசிரியர் அதனைக் காணாததுபோல் இருத்தலாகாது. ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசினால் பாடத்திட்டம் ஒன்றும் குலைந்துவிடாது.

4. நினைவுக் கூட்டங்களில் பிள்ளைகளுக்கும் ஒரு பணி கொடுங்கள். ‘நல்லவர், வல்லவர்’ என்னும் அடைமொழிகளை நாம் பேசித் தீர்க்கிறோம். அவர் கற்பித்தது என்ன என்று கேட்டால் பிள்ளைகள்தாம் சரியாகச் சொல்வர்.

நான்காம் கருத்தை நான் கண்ணால் கண்டு கற்றேன். கருமக்கிரியை முடிந்த மறுவாரம், கழகத்தார் குட்டைக்கரையில் கூடினர். தாயாரின் இசைவோடு அம்மாணவனையும் அழைத்துச் சென்றேன். பெரியவர்கள் பலர் பேசினர். தாத்தாவோடு முப்பது ஆண்டுகள் மீன்பிடித்த மலாய் நண்பர் ஒருவர் பேசத் தொடங்கி, முடிக்க இயலாமல் அமர்ந்துவிட்டார். மாணவனைப் பேசச் சொன்னபோது அவன் பேசவில்லை. பையிலிருந்து நரம்பை எடுத்து, முள்ளைக் கோத்து, எச்சிலால் நனைத்து, முடிச்சை இறுக்கிக் காட்டினான். பிறகுதான் அழுதான். நாங்கள் யாரும் அவனை அழாதே என்று சொல்லவில்லை. அந்த மலாய் நண்பர் எழுந்து சென்று அவனருகில் அமர்ந்துகொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவரே அவனைக் குட்டைக்கு அழைத்துச் செல்கிறார். மைலோ டப்பா அவனிடம் இருக்கிறது.

தேர்வில் அவன் பெற்ற புள்ளிகள் எனக்கு நினைவில்லை. அவன் என்னிடம் கேட்ட கேள்வி மட்டும் நினைவில் இருக்கிறது. உங்கள் பிள்ளையோ மாணவனோ அப்படியொரு கேள்வியை உங்களிடம் கேட்கும் நிலை வர வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்