ரயில்வே உத்தியோகமும் புரோக்கர் புரட்டும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் வாலிபப் பிள்ளை உள்ள எந்த வீட்டிற்குப் போனாலும் "ரயில்வேயில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும்" என்ற பேச்சைக் கேட்கலாம். அந்த ஆசையைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இந்தப் பக்கத்து ஜனங்களின் பிழைப்பே அந்தத் தண்டவாளத்தை ஒட்டி அமைந்துவிட்டது. நம்முடைய கேள்வியெல்லாம், அந்த வேலைக்கு இவர்கள் தேடுகிற வழி என்ன என்பதுதான். சர்க்கார் விளம்பரத்தைப் படிக்கிறார்களா? இல்லை. "மேலே ஆளைத் தெரியும்" என்கிறவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள்.

தோழர்களே! 2022ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். தமிழ்நாட்டு வாலிபர்கள் 28 பேர், டிக்கெட் பரிசோதகர் வேலை, குமாஸ்தா வேலை என்று நம்பி, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாயைப் புரோக்கர்களிடம் கொட்டினார்கள். அவர்களை டில்லிக்கு அழைத்துப்போய், புதுடில்லி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தினம் 8 மணி நேரம் நிறுத்தி, எத்தனை ரயில் வந்தது, எத்தனை ரயில் போனது, எத்தனை பெட்டி என்று எண்ணச் சொன்னார்கள். அதுதான் "டிரெயினிங்"காம்! ஒரு மாதம் வரை எண்ணினார்கள். இவர்கள் கைநாட்டுப் பேர்வழிகளா? இல்லை; இஞ்சினீயர் படிப்புப் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். ரயில் எண்ணுவதுதான் வேலையென்றால் தாம்பரம் ஸ்டேஷனில் 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டில் எண்ணியிருக்கலாமே, அதற்கு ஆளுக்கு ஒன்பது லட்சத்திற்கு மேலா கொடுக்கவேண்டும்? படிப்பு வேறு, யோசிக்கிற பழக்கம் வேறு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

புரோக்கரிடம் போகாத வீட்டில் ஜோசியனிடம் போகிறார்கள். ஜாதகத்தில் சர்க்கார் உத்தியோகம் உண்டா என்று பார்த்து, நல்ல நேரத்தில் விண்ணப்பம் போடுகிறார்கள். திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் என்கிறது பஞ்சாங்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வண்டிகளில் கால்வைக்க இடமில்லாத நேரமும் அதுதான். ராகுவுக்குப் பயந்து எந்த டிரைவராவது வண்டியை நிறுத்தி வைத்ததுண்டா?

வேலைக்கு உண்மையான வழியோ எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டே இருக்கிறது. உதவி லோகோ பைலட் என்னும் உதவி டிரைவர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது தேறி, குறிப்பிட்ட தொழிலில் அய்.டி.அய். படித்திருந்தால் போதும், அல்லது இஞ்சினீயரிங் டிப்ளமா. இந்தியா முழுமைக்கும் 2024இல் 18,799 இடங்களுக்கும், 2025இல் 9,970 இடங்களுக்கும் ஆள் கேட்டார்கள். 2025 அறிவிப்பில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். கட்டணம் 500 ரூபாய். முதல் பரீட்சை எழுதினவர்களுக்கு வங்கிக் கழிவு போக 400 ரூபாய் திரும்பி வரும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் 250 ரூபாய். அதுவும் வங்கிக் கழிவு போகத் திரும்பும். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிப்பதால் குருட்டடி உதவாது. வடக்கத்தியார் வந்து நிரப்பிவிட்டார்கள் என்று மனக்குறைப்படுகிறவர்கள் ஒன்றைச் சொல்லட்டும்: நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பம் போட்டார்கள்?

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள் சிலர். மகாராஷ்டிரத்துச் சதாரா ஜில்லாவின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சுரேகா யாதவ், மின்சாரத் தொழில் டிப்ளமா படித்து, 1980களில் ரயில்வேயில் உதவி டிரைவராகச் சேர்ந்து, சரக்கு வண்டி, புறநகர் வண்டி, எக்ஸ்பிரஸ் எல்லாம் ஓட்டி 2025இல் ஓய்வு பெற்றார். அவர் ஓட்டிய வண்டியில் ஏறமாட்டேன் என்று எந்த ஆண்பிள்ளை இறங்கினான்?

பெற்றோர்கள் முதலில் செய்யவேண்டிய செலவு கண் டாக்டருக்குத்தான். டிரைவர் வேலைக்குக் கண்ணாடியில்லாமல் முழுப் பார்வை வேண்டும், நிறக்குருடு இருக்கக்கூடாது, லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றினவர்களையும் எடுப்பதில்லை. இதை அறியாமல் இரண்டு வருஷம் அய்.டி.அய். படித்து, பரீட்சையும் தேறி, கடைசியில் வைத்தியப் பரிசோதனையில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. கண் அவ்வளவு போதாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. குமாஸ்தா வேலைக்கும் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கும் பார்வைச் சட்டம் இவ்வளவு கடுமையல்ல. அவற்றிற்கும் இதே போல் விளம்பரமும் பரீட்சையும் தனியே வருகின்றன.