மறுசேர்ப்புத் தேதி இல்லாத பத்தியம்

முடக்குவாதம், ஹாஷிமோட்டோ தைராய்டு, சொரியாசிஸ், குடல் அழற்சி என்று எந்த நோய்க்காக வந்தாலும், மருந்துச் சீட்டை வாங்கியதும் நோயாளி கேட்கும் அடுத்த கேள்வி, "பத்தியம் ஏதாவது உண்டா டாக்டர்?" என்பதுதான். "எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பினால் அவர் மனம் நிறைவதில்லை. பதிலை வேறெங்கோ தேடிக்கொள்கிறார். அப்படித் தேடிக்கொண்டவர்கள்தான் இன்று கோதுமை, பால், முட்டை, பருப்பு, தக்காளி, கத்திரிக்காய் என்று வரிசையாக நிறுத்திவிட்டு நம் முன் வந்து உட்காருகிறார்கள். எப்போது நிறுத்தினீர்கள் என்றால் சொல்கிறார்கள். எப்போது திரும்பச் சேர்ப்பீர்கள் என்றால் விழிக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

உணவியல் வல்லுநர்களையும் மருத்துவர்களையும் இந்த உரை கேட்பது ஒன்றுதான். நீக்கல் உணவுமுறையை ஒரு பரிசோதனையாக நடத்துங்கள். தொடங்கும் தேதியையும் நிறுத்தும் தேதியையும் ஒவ்வொரு உணவையும் திரும்பச் சேர்க்கும் தேதியையும் முதல் நாளே எழுத முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

நீக்கல் உணவுமுறையின் மிகப் பெரிய வெற்றி சீலியாக் நோயில் கிடைத்தது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்தவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள் என்பதை நாம் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவர் செய்ததை அதிகம் பேசுவதில்லை. கோதுமை மாவு, ரை என்னும் தானியம், அரிசி, மக்காச்சோளம், கோதுமையிலிருந்து பிரித்த வெறும் மாச்சத்து ஆகியவற்றைக் குழந்தைகளின் உணவில் தனித்தனியாகச் சேர்த்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார். கோதுமையும் ரையும் கெடுத்தன. அரிசியும் வெறும் மாச்சத்தும் கெடுக்கவில்லை. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேட்டின் பலம் இந்த மறுசேர்ப்பில் இருந்தது. நீக்கியதால் கிடைத்தது ஒரு சந்தேகம் மட்டுமே. சேர்த்துப் பார்த்ததுதான் அதை அறிவாக்கியது.

முடக்குவாதத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நார்வே ஆய்வும் அப்படித்தான் அமைந்தது. 1991இல் 'லான்செட்' இதழில் வந்த அதில் 53 நோயாளிகள் இருந்தார்கள். உணவுக் குழுவினர் 7 முதல் 10 நாள் குறை உணவு விரதம் இருந்தார்கள். பிறகு மூன்றரை மாதம் குளூட்டன் இல்லாத, பாலும் முட்டையும் இல்லாத சைவம். அதன்பின் பாலோடு கூடிய சைவம். விரதத்துக்குப் பின் ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு புதிய உணவைச் சேர்த்து, வலியோ வீக்கமோ கூடினால் அதை விலக்கிவிட்டுப் பிறகு மீண்டும் முயன்றார்கள். ஓராண்டு கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியும். உணவுக் குழுவினர் எடையும் குறைந்தார்கள். ஏறி இறங்குவது முடக்குவாதத்தின் இயல்பு. மிக மோசமான வாரத்தில் ஆரம்பிக்கும் எந்தப் பத்தியமும் அடுத்த மாதம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மத்தியதரைக் கடல் பாணி உணவுக்கு நிபந்தனையோடு ஆதரவு தந்து, பெயர் சூட்டப்பட்ட பிற உணவுமுறைகளை நிபந்தனையோடு மறுத்ததற்கு, சான்றின் இந்த மெலிவே காரணம்.

இப்போது அதிகம் கேள்விப்படும் 'ஆட்டோஇம்யூன் புரோட்டோகால்' முறைக்கு வருவோம். 2017இல் குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரிடம் அதைச் சோதித்தபோது ஆறாம் வாரத்தில் 11 பேருக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2019இல் ஹாஷிமோட்டோ உள்ள சில பெண்களிடம் பத்து வாரம் நடத்தியபோது வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, சி.ஆர்.பி. குறைந்தது. தைராய்டு ஹார்மோன்களிலும் எதிரணுக்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. அந்தப் பெண்கள் நலமாக உணர்ந்தது உண்மை, அதை நான் மதிக்கிறேன். அதை வைத்துக்கொண்டு "தைராக்சின் மாத்திரையை விட்டுவிடலாம்" என்று சொல்பவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

இந்த முறை எங்கோ இறைச்சியும் கிழங்கும் தின்னும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை நம் வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். தானியம் இல்லை என்றால் அரிசியும் கேழ்வரகும் கம்பும் போய்விடும். பயறு இல்லை என்றால் இட்லி, தோசை, சாம்பார், சுண்டல் எல்லாம் போய்விடும். பால் இல்லை என்றால் தயிரும் மோரும் இல்லை. விதைகள் இல்லை என்றால் எள், கடுகு, சீரகம், தனியா வரை போய்விடும். தக்காளி, மிளகாய், கத்திரி, உருளை ஒரே குடும்பம் என்பதால் அவையும் வெளியே. சைவ வீட்டுப் பெண் ஒருத்தியின் தட்டில் மிஞ்சுவது தேங்காயும் சில காய்களும் கீரையும் வாழைப்பழமும் மரவள்ளியும்தான். புரதத்துக்கு எங்கே போவாள்? பி12 ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கால் லிட்டர் பால் ஏறக்குறைய 300 மில்லிகிராம் தருகிறது. பாலையும் கேழ்வரகையும் எள்ளையும் ஒரே நாளில் விலக்கியவர், கூடவே பிரெட்னிசோலோனும் சாப்பிடுகிறார் என்றால், எலும்பை இரண்டு பக்கமும் அரிக்க விட்டிருக்கிறோம்.

தன்னுடல் தாக்கு நோய்கள் பெரும்பாலும் பெண்களையே பிடிக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்கே சமைப்பவள் தனக்கென்று இன்னொரு சமையல் செய்துகொள்ள மாட்டாள். வேண்டாம் என்று சொன்னதை விட்டுவிட்டு இருப்பதைக் கொண்டு சமாளிப்பாள். அறிவுரைத் தாளில் 'தவிர்க்க' என்ற பட்டியல் மட்டும் இருந்து, 'அதற்குப் பதிலாக' என்ற பட்டியல் இல்லாவிட்டால், அவளைப் பட்டினி போட்டது நாம்தான்.

குறைவாக நீக்குவதே போதும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நோயெதிர்ப்பால் வரும் ஈசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சிக்குப் பால், கோதுமை, முட்டை, சோயா, மீன் வகை, கொட்டை வகை என ஆறையும் நீக்குவது வழக்கம். 2023இல் வெளியான ஆய்வில் 129 பெரியவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாலை மட்டும் நிறுத்தினார்கள், மறுபாதிக்கு ஆறையும் நிறுத்தினார்கள். ஆறு வாரத்தில் திசு அளவில் அழற்சி அடங்கியவர்கள் முதல் குழுவில் 34 சதவீதம், இரண்டாம் குழுவில் 40 சதவீதம். புள்ளியியல் கணக்கில் வேறுபாடு இல்லை. குழந்தைகளின் க்ரோன் நோய்க்கான விலக்கல் உணவுமுறையும் இதே பாடத்தைச் சொல்கிறது. அதில் நீக்கும் உணவுகளோடு கட்டாயம் சாப்பிட வேண்டிய உணவுகளும் உண்டு. ஏழாம் வாரத்திலிருந்து பட்டியல் விரிகிறது. 2019 ஆய்வில் 12ஆம் வாரம் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் அந்தக் குழுவில் 75.6 சதவீதம், முழுத் திரவ உணவில் தொடங்கி ஆறு வாரத்தில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய குழுவில் 45.1 சதவீதம்.

இனி நடைமுறைக்கு. கோதுமையை நிறுத்தச் சொல்லும் முன் சீலியாக்குக்கான டி.டி.ஜி. எதிரணுப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரலாம், கண்டுபிடிக்க வாரக்கணக்கில் மீண்டும் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். தெற்கில் சீலியாக் அரிது என்பது சரிதான். 2016இல் வந்த இந்திய ஆய்வில் வடக்கில் ஆயிரத்துக்கு எட்டரை பேரும் வேலூர் பகுதியில் ஆயிரத்துக்கு 0.11 பேரும்தான். ஆனால் இரவு தோறும் சப்பாத்தி என்றாகிவிட்ட நகரங்களில், இரும்புச்சத்து ஏறாத இரத்தசோகையோடு வருபவரிடம் அந்த அரிதை நம்பி உட்கார முடியாது. ஐ.ஜி.ஜி. உணவு ஒவ்வாமைத் தொகுப்பு என்று விற்கப்படும் பரிசோதனையை எழுதிக்கொடுக்காதீர்கள். அந்த உணவை உடல் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008லேயே இதைச் சொல்லிவிட்டது. நோயாளி தினமும் சாப்பிடும் அரிசியும் பாலும் அந்தத் தாளில் சிவப்பாக வருவதில் வியப்பில்லை.

பரிசோதனை தொடங்கும்போது எடை, மூட்டு எண்ணிக்கை அல்லது வலி மதிப்பெண், சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பதியுங்கள். மருந்தின் அளவை அந்த வாரங்களில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு உரிய ஒன்றிரண்டு உணவுகள் போதும், நான்கு முதல் ஆறு வாரம் போதும். பலன் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். பட்டியலை நீட்டத்தான் கை துறுதுறுக்கும், நீட்டாதீர்கள். பலன் தெரிந்தால் ஒரு நேரத்தில் ஓர் உணவு, சிறு அளவில் தொடங்கி மூன்று நாளில் வழக்கமான அளவு, பிறகு சில நாள் கவனிப்பு. அறிகுறி திரும்பினால் விலக்கி, அடங்கிய பின் இன்னொரு முறை சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் எந்த நாள் கூழில் கோதுமை மாவு கலந்தது என்று நோயாளிக்குத் தெரியாமல் வீட்டார் கொடுக்கட்டும். எதிர்பார்ப்பே வலியைக் கொண்டுவரும். 2013இல் ஆஸ்திரேலியாவில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாக நம்பிய 37 பேருக்கு நொதிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைத்துவிட்டு மறைவாகக் குளூட்டன் கொடுத்தபோது, அதற்கென்று தனி விளைவு எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டவுடன் தடிப்போ மூச்சிறைப்போ வந்த வரலாறு உள்ளவருக்கு வீட்டில் இந்தச் சோதனை கூடவே கூடாது. நீண்ட நாள் பாலை விலக்கிய எக்ஸிமாக் குழந்தைகளுக்கு மீண்டும் கொடுத்தபோது கடும் ஒவ்வாமை வந்ததுண்டு. அவர்களுக்கு மறுசேர்ப்பு மருத்துவமனையில்தான். கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் உணவைக் கண்டு அஞ்சத் தொடங்கிவிட்டவர்களுக்கும் இதைத் தொடங்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், முடக்குவாதம் உறுதியான நாளிலேயே மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து தொடங்க வேண்டும். முதல் சில மாதங்களில் அரிக்கப்பட்ட எலும்பை எந்த உணவும் மீட்டுத் தராது. "மூன்று மாதம் பத்தியம் இருந்து பார்க்கிறேன்" என்று நோயாளி கேட்டால், மருந்தோடு சேர்த்து இருங்கள் என்பதே நம் ஒரே பதில்.

அடுத்த இதழிலிருந்து நீக்கல் உணவுமுறை பற்றிய நோயாளி விவரக் கட்டுரைகளை இந்த இதழ் ஒரு நிபந்தனையோடு ஏற்கும். எந்த உணவை எந்தத் தேதியில் திரும்பச் சேர்த்தீர்கள், என்ன நடந்தது, மருந்து அளவு என்னவாக இருந்தது, எடை எவ்வளவு மாறியது என்ற அட்டவணை கட்டுரையோடு வர வேண்டும். எதுவும் நடக்கவில்லை என்ற அட்டவணைகளையும் அனுப்புங்கள். அவற்றுக்கு முதலிடம் தருவோம்.