பொங்கல் முக்காலிக்கு எந்த இரும்பு?

கேள்வி: ‘‘குலதெய்வக் கோயிலுக்குப் போனால் வெட்டவெளியில்தான் சமையல். போர்வெல்லுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஜி.ஐ. பைப்பும், வீடு கட்டியதில் மிஞ்சிய கம்பியும் கிடக்கின்றன. இவற்றில் முக்காலியும் இடுக்கியும் நாங்களே செய்துகொள்ளலாமா?’’

- வாசகர், குன்றத்தூர்.

பதில்: கம்பியில் செய்யலாம். ஜி.ஐ. பைப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

துருப் பிடிக்காமல் இருக்க ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். ஏறக்குறைய 420 டிகிரியில் அது உருகிவிடும். விறகுத் தணலின் சூடு அதைத் தாண்டும். வெல்டிங் வைக்கும்போது இன்னும் மோசம். வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், இருமல், உடம்பு வலி வரும். ‘வெயிலில் நின்றதால்’ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டு இரும்பிலும் ஒட்டும். வெள்ளி நிறப் பளபளப்போ, பூப்பூவான தடமோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடித்த பழைய கிரில், கெமிக்கல் டிரம், பூச்சிமருந்து டின் எதுவும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

கட்டுமானக் கம்பியில் 12 எம்.எம். முக்காலிக் கால்களுக்குப் போதும். பச்சைப் பூச்சுள்ள கம்பி வேண்டாம். உணவு படும் தட்டுக்கு முறுக்குக் கம்பி சரிவராது, வரிகளில் கரியும் மாவும் அடைந்துகொள்ளும். 6 அல்லது 8 எம்.எம். வழவழப்பான கம்பியாக வாங்குங்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை உங்களுக்குப் பக்கம்தானே, அந்தப் பக்கத்து இரும்புக் கடைகளில் விசாரியுங்கள். முக்காலியின் வளையம் பானையின் அடியைவிடச் சிறியதாகவும், கால்கள் கீழே போகப் போக வெளியே விரிந்தும் இருக்கட்டும். 20 லிட்டர் பானை நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல். முதலில் தண்ணீர் நிரப்பி, நெருப்பில்லாமல் வைத்துப் பாருங்கள். இடுக்கி இரண்டடிக்குக் குறைந்தால் கை சுடும்.

வேலை முடிந்ததும் வெல்டிங் கசடைத் தட்டி எடுத்து, முனைகளை அரத்தால் மழுக்குங்கள். புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே அனலில் காயவையுங்கள். பிறகு நல்லெண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். மூன்று நான்கு முறை செய்தால் கருப்பு ஏறும். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

அந்த ஜி.ஐ. பைப்பை வீணாக்க வேண்டாம். பாகல் பந்தலுக்குக் கால் நட்டால் பல வருடம் நிற்கும்.