காலி நிலம் என்ற இரு சொற்கள்

நகரத்தின் நடுவிலுள்ள ஒரு நிலம் விலையேறுவது அதன் சொந்தக்காரருடைய சாமர்த்தியத்தால் மட்டும் அன்று. ஜனங்களின் வரிப்பணத்தில் அமைந்த சாலையும், ரயிலும், குடிநீர்க் குழாயும் அதற்கு விலையைத் தருகின்றன. அதில் இன்ன கட்டடம் எழுப்பலாம் என்று சர்க்கார் இடும் ஓர் உத்தரவோ, ஒரே நாளில் அதன் மதிப்பைப் பன்மடங்காக்கி விடுகிறது. கஜானாவிலிருந்து ஒரு காசும் வெளியேறாவிடினும் அவ்வுத்தரவு ரொக்கத்துக்குச் சமானமேயாகும். ஆகவே, அபிவிருத்தியின் பெயரால் வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியிலும் பொதுஜனங்களுக்குப் பங்குண்டு என்பது நமது திடமான அபிப்பிராயம். அப்பங்கு எவ்வாறு கைநழுவும் என்பதற்கு மும்பையின் பஞ்சாலை நிலங்களே தக்க திருஷ்டாந்தம்.

1982 ஜனவரியில் அந்நகரத்தின் மில் தொழிலாளர் சுமார் 2,50,000 பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அதன் பின்னர் பல மில்கள் தலையெடுக்கவே இல்லை. நகரத்தின் இருதய ஸ்தானத்தில் 58 மில்களுக்குச் சொந்தமான சுமார் 600 ஏக்கர் நிலம் இருந்தது. இவற்றுள் 25 மில்கள் மத்திய சர்க்காரின் தேசியப் பஞ்சாலைக் கழகத்தைச் சேர்ந்தவை. 1991-ல் வந்த நகர அபிவிருத்தி விதிகளில் 58-ஆவது விதி ஒரு நியாயமான ஏற்பாட்டைச் செய்தது. மில் நிலத்தைப் புதிதாக அபிவிருத்தி செய்வோர் ஏறக்குறைய மூன்றிலொரு பாகத்தை மைதானங்களுக்காக நகராட்சிக்கும், மூன்றிலொரு பாகத்தை வீடுகளுக்காக மாடா என்னும் ராஜ்ய வீட்டுவசதி ஸ்தாபனத்துக்கும் அளித்துவிட்டு, எஞ்சியதைத் தாம் அனுபவிக்கலாம். கொடுத்த நிலத்துக்கு ஈடாகக் கட்டட உரிமையும் அவர்களுக்கு உண்டு.

2001-ல் மகாராஷ்டிர சர்க்கார் இவ்விதியைத் திருத்தியது. பங்கீடு முழு நிலத்துக்கும் அன்றிக் காலி நிலத்துக்கு மாத்திரமே என்றாயிற்று. மில் நிலமோ கொட்டகைகளாலும் கிடங்குகளாலும் நிறைந்தது. அவற்றை இடித்தபின் வெறுமையாகும் தரை காலி நிலமா, அல்லவா? ஆம் என்று 2005 அக்டோபரில் பம்பாய் ஹைக்கோர்ட்டு கூறிற்று. அல்ல என்று 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. நகரத்தின் பங்கு சிறுத்துப் போயிற்று.

தீர்ப்பைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. எழுதிய விதிக்குப் பொருள் சொல்வதே கோர்ட்டின் கடமை. பிழை எழுதியவர்களைச் சேர்ந்தது. பழைய விதியின் சுமை தாங்காமையால் எவரும் நிலத்தை அபிவிருத்தி செய்ய முன்வரவில்லை என்றும், நலிந்த மில்களின் தொழிலாளருக்குப் பாக்கி தீர்க்கப் பணம் வேண்டியிருந்தது என்றும் ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லோம். ஆனால் சுமை அதிகமெனில், மூன்றிலொன்றை நான்கிலொன்றாகக் குறைப்போம் என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்கலாமே! ஜனங்களும் அதன்மேல் தம் அபிப்பிராயத்தைச் சொல்லியிருப்பார்கள். இரண்டு சொற்களின் மறைவில் ஒரு நகரத்தின் மைதானங்களையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்ததைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

2005-ல் கோஹினூர் மூன்றாம் நம்பர் மில்லின் நிலம் மாத்திரம் 421 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. 2012-ல் மில் தொழிலாளருக்காக நடந்த முதற் குலுக்கலில் கிடைத்த வீடுகளோ 6,925. வேலை நிறுத்தம் தொடங்கி முப்பது வருஷங்கள் கழித்து, முதியோரும் விதவைகளும் தங்கள் பெயர் விழுமா என்று காத்திருந்தனர்.

இது தூரதேசத்துக் கதையென்று தமிழ் மக்கள் வாளாவிருக்கலாகாது. அதே தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் கோயமுத்தூரிலும் உண்டு. 2020-ல் அவற்றின் இயந்திரங்களும் நின்றன. அந்நிலங்களுக்கென்று எவ்விதி எழுதப்படினும், மூன்று நிபந்தனைகளை வற்புறுத்துகிறோம். பொதுப் பங்கு முழு நிலத்தின் பாகமாகக் கணக்கிடப்பட வேண்டும். முதற் கட்டடத்துக்கு அனுமதி தருமுன் அப்பங்கு பத்திரம் எழுதி ஒப்படைக்கப்பட வேண்டும். விதியில் ஒரு சொல்லை மாற்றினாலும், அதனால் ஜனங்கள் இழப்பது எத்தனை ஏக்கர் என்ற கணக்கைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும்.

கட்டடம் எழும்பிய பிறகு கிளர்ச்சி செய்து பயனில்லை. விதியின் நகல் வெளியாகும் அன்றே அதை வரிவரியாகப் படித்து ஆட்சேபம் தெரிவிப்பது தேசத்தொண்டர் ஒவ்வொருவரின் கடமையாகும்.