விற்றவரும் வாங்கியவரும்

தேசங்கள் யுத்தத்தினால் தமது எல்லையை விஸ்தரிப்பதே சரித்திரத்தில் பெரும்பாலும் காணப்படுவது. பணம் கொடுத்துப் பூமியை வாங்கி விஸ்தரிப்பது அதைவிட நாகரிகமான முறை என்று பலர் கருதுகின்றனர். ரத்தம் சிந்தவில்லை; இரு தரப்பாரும் மனமொப்பிக் கையொப்பமிட்டனர்; இதில் யாருக்கு என்ன குறை என்று அவர்கள் கேட்கின்றனர். இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரியானது என்று ஆராய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நமது சத்தியமங்கலமே அதற்குத் தக்க சாட்சி சொல்லும்.

திருவாங்கூர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் இளைய ராஜ்யம். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, வேணாட்டைச் சுற்றியிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அதை உருவாக்கினார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தவரும் அவரே. அவருக்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, 1789-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி அதே டச்சுக் கம்பெனியாரிடமிருந்து கொடுங்கல்லூர்க் கோட்டையையும் பள்ளிப்புறத்து ஆயக்கோட்டையையும் மூன்று லட்சம் ரூபாய்க்குக் கிரயம் வாங்கினார். மைசூர்ப் படையைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட நெடுங்கோட்டை என்னும் அரணின் மேற்குக் கோடியில் இக்கோட்டைகள் இருந்தன. அவை திப்பு சுல்தானின் கையில் சிக்கினால் அரண் பயனற்றுப் போகும் என்று மகாராஜா அஞ்சினார். டச்சுக்காரரோ தம்மால் காக்க முடியாததை விற்றுக் காசாக்கிக்கொள்ள விரும்பினர்.

ஒரு காணி நிலம் வாங்கும் குடியானவன்கூட மூலப் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பாராமல் முன்பணம் கொடுக்கமாட்டான். இச்சொத்தில் வில்லங்கம் இருந்தது. கொடுங்கல்லூர் கொச்சி ராஜாவின் பூமி. அவர் எமக்குக் கப்பம் கட்டுகிறவர். ஆதலால் எமது சம்மதமின்றி அதை விற்க டச்சுக்காரருக்குப் பாத்தியதை இல்லை என்றார் திப்பு. 1662-இல் போர்த்துக்கேசியரை வென்று எடுத்துக்கொண்ட கோட்டை இது, கொச்சிக்கு இதில் உரிமை இல்லை என்பது எதிர்வாதம். நியாயஸ்தலத்தின் முன் வந்திருந்தால் இவ்வழக்கில் திருவாங்கூர் ஜயித்திருக்கவும் கூடும். ஆனால் அரசர்களுக்குள் எழும் வழக்குக்கு அன்று நியாயஸ்தலம் ஏது? கிரயத்தை ரத்து செய்யும்படி சென்னைக் கவர்னர் ஹாலண்டு மகாராஜாவுக்குச் சொல்லியும் அது நடைபெறவில்லை. 1789 டிசம்பர்க் கடைசியில் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கிற்று. திருவாங்கூர் தமது நேசநாடு என்று சொல்லி ஆங்கிலக் கம்பெனியார் யுத்தத்தில் இறங்கினர். அதுவே மூன்றாம் மைசூர் யுத்தம்.

அந்த யுத்தம் கொடுங்கல்லூரோடு நின்றதா? 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் கோயமுத்தூருக்கு வந்தார். ஆகஸ்டில் கர்னல் பிளாய்டின் படை சத்தியமங்கலம் கோட்டையைப் பிடித்தது. செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கினார். அம்மாதம் 13-ஆம் தேதி நமது ஊர்ப்புறத்திலேயே பெரும் போர் நடந்தது. மறுநாள் ஆங்கிலப் படை சில பீரங்கிகளைப் போட்டுவிட்டுப் பின்வாங்கிற்று. அதன் பிறகு ஈரோடும் தாராபுரமும் மறுபடி மைசூரார் வசமாயின. 1791 நவம்பரில் கோயமுத்தூர்க் கோட்டையும் அவ்வாறே ஆயிற்று. எந்தச் சேனை வந்தாலும் அதற்குத் தானியமும் தீவனமும் வண்டி மாடும் கிராமங்களிலிருந்தே வந்தாக வேண்டும். கொங்கு நாட்டுக் குடியானவன் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட்டவன் அல்லன். ஆயினும் கிரயத்தின் பெரும்பாகம் அவனிடமிருந்தே வசூலாயிற்று.

கையொப்பமிட்டவர்கள்தாம் என்ன லாபம் அடைந்தனர்? டச்சுக்காரர் 1795-இல் கொச்சியையே ஆங்கிலேயரிடம் இழந்தனர். திருவாங்கூர் அதே வருஷத்தில் கம்பெனிப் பட்டாளங்களுக்குச் செலவு கொடுக்கும் உடன்படிக்கைக்கு உட்பட்டது. 1805-இல் அத்தொகை வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாயாயிற்று. திப்பு 1792-இல் தமது ராஜ்யத்தில் பாதியை இழந்தார். மலையாளமும் திண்டுக்கல்லும் பாராமகாலும் கம்பெனியாருக்குக் கிடைத்தன. ஆக, வாங்கியவரும் விற்றவரும் தடுத்தவரும் தாழ, பக்கத்தில் நின்றவர் ஓங்கினர்.

இக்கிரயம் நடந்திராவிட்டாலும் திப்பு படையெடுத்திருப்பார் என்று சிலர் சொல்லலாம். மலையாளத்திலிருந்து தப்பி ஓடியவர்களுக்குத் திருவாங்கூர் அடைக்கலம் கொடுத்ததில் அவருக்கு முன்பே கோபம் உண்டு என்பது உண்மையே. எனினும், ஆசையோடு நின்றவருக்கு ஒரு நியாயத்தையும் கையில் கொடுத்தது அந்தப் பத்திரமே என்பதை மறுக்க முடியாது.

இனி வெளியுலகைப் பார்ப்போம். சுதந்தரப் பிரகடனம் செய்து இருபத்தேழு வருஷமே ஆன அமெரிக்க ஐக்கிய நாடு, 1803-இல் லூசியானாப் பிரதேசத்தைப் பிரான்ஸிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிற்று. 1867-இல் அலாஸ்காவை ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. மலிவான வியாபாரம் என்று இவற்றைப் புகழ்வோர் பலர். ஆனால் லூசியானாவில் பிரான்ஸ் விற்றது தனது உரிமைக் கோரிக்கையை மட்டுமே. அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகளின் நிலம் பின்னர் பல உடன்படிக்கைகளாலும் பல யுத்தங்களாலும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 2019-இல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் கிரீன்லாந்தை வாங்கும் பேச்சை எழுப்பியபோது, அத்தீவு விற்பனைக்கு அன்று என்று அதன் ஜனங்களின் அரசாங்கமே பதில் சொல்லிற்று. 1803-இல் கேட்கப்படாத குரல் இப்போது கேட்கிறது. இது நல்ல மாறுதல்.

நமது பாரதமும் ஒரு காலத்தில் இளைய தேசமாக இருந்து தன் எல்லையை நிறைவு செய்துகொண்டதே, எவ்வாறு செய்தது? புதுச்சேரிக்கு விலை பேசவில்லை. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. குடிகள் ஒவ்வொருவரும் நேரே வாக்களிக்கவில்லை என்ற குறையைச் சொல்லலாம். ஆயினும், 1845-இல் டென்மார்க்கு அரசர் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் கம்பெனியாருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றதற்கும் இதற்கும் எத்தனை தூரம்!

இந்த நெறியை நாமே எப்பொழுதும் கைக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. 1974-இல் கச்சத்தீவு இலங்கையைச் சேர்ந்தது என்று நமது சர்க்கார் உடன்பட்டபோது, அக்கடலை நம்பிப் பிழைத்த ராமேசுவரத்து மீனவர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. அங்கே கிரயமும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஆனால் டெல்லியிலும் கொழும்பிலும் இடப்பட்ட கையொப்பத்தின் விலையைப் பாக் ஜலசந்தியில் வலை வீசுகிறவன் இன்னும் கொடுத்து வருகிறான்.

ஆதலால் நாம் வற்புறுத்துவது ஒன்றே. எல்லையைப் பற்றிய எந்த உடன்படிக்கையும், அது வாங்குவதாயினும் கொடுப்பதாயினும் மாற்றிக்கொள்வதாயினும், அவ்விடத்து ஜனங்களையும் அதனால் பாதிக்கப்படும் அண்டை ஜனங்களையும் கேளாமல் முடிவாகக் கூடாது. இதைச் சட்டமாக்கும்படி பார்லிமெண்டில் நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் பாத்தியதை கொங்கு நாட்டாருக்கு விசேஷமாக உண்டு; பிறர் எழுதிய பத்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களுடைய முன்னோர்.